நூற்றுப் பத்து டிகிரி

வேலூரில் நூற்றுப் பத்து டிகிரி என்று
மாலைப் பேப்பர் போட்டிருந்தது.
அதே எண்ணை நான் அப்போது
பென்சிலால் பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன்.
இருக்கைக்கும் முதுகுச் சாய்வுக்கும் நடுவே
அவ்வளவு கோணம் வேண்டும்.

முழங்கால் மாற்றிக்கொண்டவர்களை
'இன்னும் கொஞ்சம் மடக்குங்க' என்று
பகலெல்லாம் கெஞ்சுகிற வேலை எனக்கு.
அவர்கள் மூட்டை அளக்கும் கோணமானி
அந்தச் சனிக்கிழமை என் கைப்பையில் வீட்டுக்கு வந்தது.
(தப்புதான். திங்கள் காலை
யாரும் தேடுமுன் வைத்துவிட்டேன்.)

மரம் ராணிப்பேட்டைக் கிடங்கிலிருந்து.
எங்கிருந்தோ கப்பலில் வந்த மிஷினுக்கு
அடியில் கிடந்த பேலட்டுகள்,
ஏழு, ஒரு குட்டியானையில்.
ஒவ்வொன்றிலும் கறுப்பாய் ஒரு முத்திரை.
சூட்டில் பதப்படுத்தியது என்று அர்த்தம்
எனச் சொன்னதும் டிரைவர் சிரித்தார்:
'இந்த ஊர்ல யாருக்கு மேடம் அந்த முத்திரை இல்ல?'

ஆணி பிடுங்கவே மூன்று ஞாயிறு.
உள்ளங்கையில் சிலாம்பு ஏறி
ஒரு வாரம் நோயாளிகளை இடதுகையால் தொட்டேன்.
உப்புத்தாள் தேய்க்கத் தேய்க்க
சாம்பல் நிறத்துக்கு அடியிலிருந்து
பனி விழும் தேசத்து வாசனை ஒன்று கிளம்பி
சத்துவாச்சாரி ஹாலில் ஃபேன் காற்றில் சுற்றியது.

மரமில்லாத மலை என்று
எங்களூரைக் கேலி பேச ஒரு சொலவடை உண்டு.
அந்த மலையைப் பார்த்தபடி மொட்டைமாடியில் கிடக்க
கட்டில் இல்லை, நாற்காலியும் இல்லை,
ஊஞ்சலும் இல்லாத ஒன்று.
லாங் பஜார் ஸ்குரூ கடைக்காரர்
'எதுக்கும்மா?' என்றார்.
'சும்மா கிடக்கறதுக்கு.'
யோசித்து, துருப்பிடிக்காததாக
நூறு எண்ணித் தந்தார்.

அற்புதராஜ் பலகையைப் பிடித்துக்கொண்டார்,
கண் கிரிக்கெட்டில்.
விக்கெட் விழுந்த நேரத்தில் அறுத்த கால்
மற்ற மூன்றைவிட அரை அங்குலம் குட்டை.
'ஆன்லைன்லயே வாங்கியிருக்கலாம் சுகிர்தா.'
குட்டைக்காலுக்கு ரப்பர் கட்டை வைத்தேன்.
நடக்கிறவர்களுக்கும் அப்படித்தான் செய்வோம்,
செருப்புக்குள்.

முடிந்தது. ஆறேகால் அடி நீளம்.
நான், அவர், கீழ்வீட்டு இர்ஃபான், மூவரும் தூக்கினோம்.
படி திரும்பும் இடத்தில் அது திரும்பவில்லை.
நிமிர்த்தினோம், படுக்க வைத்தோம்,
சுவரில் சுண்ணாம்பு பெயர்ந்தது.
'எல்லாக் கோணமும் அளந்தீங்களே ஆன்ட்டி,
மாடிப்படிய?'

பதில் இல்லை.
அன்று ராத்திரி அது படியிலேயே கிடந்தது.
தண்ணீர் கேன்காரர் தாண்டிப் போனார்.
யாரோ ஈரத் துண்டு ஒன்றை
அதன்மேல் காயப் போட்டிருந்தார்கள்,
நன்றாகவே காய்ந்தது.

விடிந்ததும் ரம்பம் எடுத்தேன்.
நடுவில் சரியாக, ஒரே மூச்சில்.
மேலே கொண்டுபோய்
எஃகுத் தகடு வைத்து ஸ்குரூ ஏற்றினேன்,
தொடையெலும்பு முறிந்தவர்களின் எக்ஸ்ரேயில்
தினமும் பார்க்கிற அதே மாதிரி,
பக்கத்துக்கு நாலு.

ஆறு வாரம் பாரம் ஏற்றக் கூடாது என்றேன்.
அற்புதராஜ் நம்பிவிட்டார்.
ஆறு வாரமும்
நான் மட்டும் கிடந்தேன்.

எட்டு மணிக்கும் தளம் சுடும்.
டேங்க் நிரம்பி வழியும் சத்தம்,
காட்பாடிப் பக்கம் ஒரு ரயிலின் ஹாரன்.
மலை பகலெல்லாம் குடித்த வெயிலை
கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் தந்துகொண்டிருக்கும்.
ஒருக்களித்துத் திரும்பினால்
தழும்பு இருக்கிற இடத்தில் மரம் முனகும்.
பழக்கதோஷம், நான் கேட்டுவிடுவேன்:
'வலிக்குதா?'

ஸ்குரூ பன்னிரண்டு மிச்சம்.
எங்கே விட்டேன் என்று
இன்னும் தெரியவில்லை.